இடது காலால் உதைத்தவள்

முதலில் அவளுடைய காலைத்தான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆளையே பிடிக்காமல் போக இன்னும் இரண்டு மாதம் ஆனது. பெயர் வேண்டாம். எங்கள் தோட்டத்து மண்டபத்தில் அப்போது கராத்தே பழகிய யாரிடமும் "இடது கால்காரி எங்கே நிற்பாள்?" என்று கேட்டுப் பாருங்கள், கையை நீட்டி மூலையைக் காட்டுவார்கள். அதே மண்டபத்தில் ஆறு வருஷம் வியர்வை சிந்தியவள் நான். நான் நின்ற மூலை ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் கீழே டவுனிலிருந்து வரும் சிங்களவர், தபால் கந்தோரில் வேலை. அவரைச் சேர் என்போம். அரைத் தமிழும் அரைச் சிங்களமுமாகக் கத்துவார், எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். என்னை அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்ட விடவில்லை. உயர்தரம் வரை படிக்க வைத்தார், கராத்தேக்கும் அனுப்பினார். அவள் அப்படியில்லை. விடியலிலேயே அம்மாவோடு மலையேறிப் பால் வெட்டி, மத்தியானத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையில் ரப்பர்ப் பால் நாற்றம் போகாமலேயே வகுப்புக்கு வந்து நிற்பாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். வந்த அன்றைக்கே என்னை "அக்கா" என்றாள். யாரடி உனக்கு அக்கா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அந்த முதல் நாளிலேயே சேர் உதைத்துப் பழகும் மெத்தையைப் பிடித்துக்கொண்டு, "எங்க, தெரிஞ்ச மாதிரி ஒண்ணு ஒதைங்க பார்ப்பம்" என்றார். பள்ளிக்கூடத்துப் பழைய டிராக் காற்சட்டையின் காலை முழங்கால் வரை சுருட்டிவிட்டு அவள் உதைத்தாள். சேர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டினார்.

"ஹரி ஷோக்!" என்றார் சேர், பிரமாதம் என்று சிங்களத்தில். ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அதிகபட்சமாகச் சொன்னது "பரவாயில்ல" என்பதுதான். இவளுக்கு முதல் நாளே ஷோக்.

அவள் அந்தப் பாராட்டைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஓடிப்போய், "சேர், வலிச்சுதுங்களா?" என்று கேட்டாள்.

அதுதான் அவள். யாரை உதைத்தாலும் அடுத்த நொடி அந்தக் கேள்வி வரும். சும்மா மரியாதைக்குக் கேட்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, அவள் பதிலுக்காக உண்மையாகவே காத்திருப்பாள். வலித்தது என்றால் அடுத்த உதையில் ஒரு பிடி குறைப்பாள், வலிக்கவில்லை என்றால் ஒரு பிடி கூட்டுவாள். தன் காலின் பலம் தனக்கே தெரியாது என்பது அவள் எண்ணம். அதை அடிவாங்கியவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். "அவங்க ஒடம்பு அவங்களுக்குத்தானக்கா தெரியும்? நமக்கென்ன தெரியும்?" என்பாள்.

இதில் மாட்டிக்கொண்டவன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவின் மகன். ஆறடி உயரம், வாய் அதைவிட நீளம். அவனுக்குத் தொடையில் ஒன்று விழுந்தது. "வலிச்சுதா?" என்றாள். பொம்பளைப் பிள்ளையிடம் ஆமாம் என்று சொல்வானா? "சே, எறும்பு கடிச்ச மாதிரி" என்றான். அவள் தலையாட்டிவிட்டு இன்னும் பலமாக ஒன்று வைத்தாள். "இப்ப?" "இல்லியே" என்றான், கண்ணில் தண்ணீர். மூன்றாவது உதைக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனை ஓட்டோவில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அவள் அழுதேவிட்டாள். "வலிக்கலன்னு சொன்னாங்களே சேர், சொன்னாங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சேர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "இந்தப் பிள்ளைக்கிட்ட யாரும் பொய் சொல்ல வேணாம். கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றார். நான் முன்வரிசையில் நின்று "ஓம் சேர்" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

சரி, அந்த உதையில் அப்படி என்ன இருந்தது? இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? அதை அவ்வளவு வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

சேர் எங்களுக்குப் பழக்கிய சுழல் உதை ஜப்பானியருடையது, மவாஷி கெரி. அதற்கு முழங்கால் பக்கவாட்டில் எழும்ப வேண்டும். நாய் மரத்தடியில் காலைத் தூக்குகிற மாதிரி என்று பையன்கள் சிரிப்பார்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். தொடை தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். குதிகால் பின்பக்கத்தோடு ஒட்ட வேண்டும். கால்விரல்களை மேலே வளைத்து, விரல்களுக்குக் கீழே உள்ள சதையால் அடிக்க வேண்டும். அடித்த கால் போன வழியே சட்டென்று திரும்பி வர வேண்டும். அழகான உதை. விரல்களை வளைத்துப் பிடிக்க மட்டும் எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஆனால் ஒரு குறை உண்டு. முழங்கால் பக்கவாட்டில் எழும்பும்போதே எதிரிக்குத் தெரிந்துவிடும், சுற்றி வரப்போகிறது என்று.

அவளுடையது கொரியாக்காரர்களின் டேக்வாண்டோ உதை. டொல்யோ சாகி என்று பெயராம். அதில் முழங்கால் படியேறுகிற மாதிரி நேராக முன்னால் எழும்புகிறது. நேரே வயிற்றுக்கு வருகிறது என்று நினைத்து நாம் கையை இறக்குவோம். கடைசிக் கணத்தில் இடுப்பு புரளும், நிற்கிற காலின் குதிகால் நம் பக்கம் திரும்பிவிடும், நேராக வந்த கால் சுற்றிக்கொண்டு காதடிக்கு வந்து நிற்கும். அடிப்பது புறங்காலால். அடித்துவிட்டுக் கால் திரும்பிப் போவதும் கிடையாது, முன்னால் விழும், அதிலிருந்து அடுத்த உதை கிளம்பும். எங்களுடைய உதை ஒன்று முடிவதற்குள் அவளுடையது இரண்டு முடிந்துவிடும்.

இதெல்லாம் எங்கே பழகினாள் என்று கேட்டால் சிரிப்பு வரும். அவளுடைய அண்ணன் கொரியாவில் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலைசெய்தான். தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருந்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டேக்வாண்டோ பழகி, பழகியதை வீடியோ அழைப்பில் தங்கச்சிக்கு ஆடிக் காட்டுவான். இவள் போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று அப்படியே செய்வாள். ஒருநாள் சேர், "ஏன் துவே, ஏன் மகள் எப்பவும் இடது காலாலயே ஒதைக்கிற?" என்று கேட்டார். "அண்ணே அப்படித்தான் சேர் செய்வாரு" என்று போனில் பதிந்து வைத்திருந்ததைக் காட்டினாள். பார்த்தால் அண்ணன் உதைத்ததெல்லாம் வலது கால்! எதிரே நின்றவனைப் பார்த்துச் செய்ததில் இவளுக்கு எல்லாமே பக்கம் மாறிப்போயிருந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். பெரிய நிம்மதி எனக்கு. இனி இவளை முதலிலிருந்து திருத்த வேண்டும், ஒரு வருஷமாவது போகும் என்று கணக்குப் போட்டேன்.

சேர் திருத்தவில்லை. "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார். அடுத்த சனிக்கிழமையே புரிந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் வலது காலுக்குத் தடுத்துப் பழகியவர்கள். இடது பக்கமிருந்து வந்ததை எங்களில் ஒருத்தராலும் தடுக்க முடியவில்லை. பாருங்கள், அவளுக்குத் தப்பாகப் போனதும் நல்லதாகவே முடிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒளிவு மறைவாக நானும் அந்த உதையைப் பழகிப் பார்த்தேன். பீலிக்கரையில் யாரும் தண்ணீர் பிடிக்க வராத நேரமாகப் பார்த்துப் போவேன். முழங்கால் எழும்பும், இடுப்பும் ஓரளவு புரளும். நிற்கிற கால் மட்டும் திரும்பவே திரும்பாது, சிமெந்தில் ஊன்றிய மாதிரி நிற்கும். ஒரு தடவை வழுக்கி விழுந்தேன். குடத்தோடு வந்த அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றாள். அந்த இடது கால்காரிக்கு மட்டும் கால் எப்படித் திரும்புகிறது என்று யோசித்து யோசித்து, ஒருநாள் காலையில் வேலை மலைக்கே போய்ப் பார்த்தேன். சரிவில், மரத்தைச் சுற்றிப் பட்டையைக் கீறிக்கொண்டே முன்பாதத்தில் திரும்புகிறாள். ஒரு மரம், ஒரு திருப்பம். அடுத்த மரத்துக்கு ஓட்டம். அங்கேயும் ஒரு திருப்பம். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். வகுப்பில் உதையை எண்ணும்போதுகூட அவள் மரக் கணக்குத்தான் சொல்வாள், "இன்னைக்கு நூறு மரம் ஆச்சுக்கா" என்று. என்னைப் பால் வெட்ட அனுப்பாத அப்பா மீது எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. எந்த மகளாவது இதற்காக அப்பாவைக் கோபிப்பாளா? நான் கோபித்தேன்.

அவள் நல்லவள் என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டுவந்தால் பெரிய துண்டை எனக்குத்தான் பிட்டுத் தருவாள். நான் கொடுத்த பழைய வெள்ளை உடுப்பை எல்லோரிடமும் "அக்கா தந்தது, அக்கா தந்தது" என்று சொல்லிக்கொண்டு திரிவாள். அந்த உடுப்பு என்னைவிட அவளுக்கு எடுப்பாக இருந்தது, அது வேறு.

மாகாணப் போட்டி இரத்தினபுரியில் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் கேகாலையில் மாவட்டத் தெரிவு. எங்கள் எடைக்கு ஒரே ஒருத்தி. நானும் அவளும் ஒரே எடை. ஆறு வருஷமாக நான் காத்திருந்தது அந்த ஓர் இடத்துக்குத்தான். மாகாணச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் விளையாட்டு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அப்பா நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேருக்கு ஒரு கவலை இருந்தது. டேக்வாண்டோவில் பலமாக அடித்தால்தான் புள்ளி. கராத்தேயில் முகத்துக்குப் போகிற உதை தோலைத் தொட்டதோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் போய் இரத்தம் வந்தால் அடித்தவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். "நிறுத்திற வேலையில நீதான் கெட்டிக்காரி, அவளுக்குப் பழக்கி விடு" என்று என் தலையில் கட்டினார். முடியாது என்று சொல்ல முடியுமா?

பழக்கினேன். உண்மையாகவே பழக்கினேன், அந்த விஷயத்தில் ஒரு வஞ்சகமும் செய்யவில்லை. ரப்பர் இலை ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, இலை ஆட வேண்டும், கிழியக் கூடாது என்றேன். முதல் வாரம் இலை இலையாகக் கிழிந்தது. இரண்டாவது வாரம் ஆடியது. மூன்றாவது வாரம் இலையை எடுத்துவிட்டு என் கன்னத்தைக் காட்டினேன். இடது கால் எழும்பும், காற்று முகத்தில் அடிக்கும், பிறகு ஈரத் துணி பட்ட மாதிரி ஒரு தொடுதல். "வலிச்சுதாக்கா?" "இல்ல." "பட்டுச்சா?" "பட்டுச்சு, சரியா இருக்கு." நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் ஒரு பெருமைதான். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பெருமையை நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொள்வேன். பைத்தியக்காரி, உன் இடத்தை நீயே தூக்கிக் கொடுக்கிறாயே என்று.

கேகாலையில் ஒரு பாடசாலை மண்டபம். நாங்கள் இரண்டு பேருமே கடைசி வரை வந்துவிட்டோம். முந்திய சண்டையில் ஒருத்தியின் குத்துப் பட்டு என் உதட்டின் உட்பக்கம் கிழிந்திருந்தது. அந்தக் காயத்தை நான் யாரிடமும் காட்டவில்லை.

கடைசிச் சண்டையில் முதலில் நான்தான் முன்னால். மூன்றுக்கு இரண்டு. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டால் இடம் எனக்கு. அப்போது அவளுடைய இடது முழங்கால் எழும்பியது, நேராக. எனக்குத் தெரியும் அது நேரே வராது என்று. எத்தனை தடவை பார்த்தது! ஆனாலும் கை தானாகக் கீழே போய்விட்டது. அவளுடைய குதிகால் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். காற்று வந்தது. என் கன்னத்தில் அவளுடைய புறங்கால் வந்து தொட்டது.

தொட்டது, அவ்வளவுதான். மூன்று வாரம் நான் பழக்கியதைவிட அழகாக நிறுத்தியிருந்தாள். முழுப் புள்ளி. மூலைகளில் இருந்த துணை நடுவர்களில் இரண்டு பேர் அவளுக்குக் கொடியைத் தூக்கியதையும் பார்த்தேன்.

நான் விழுந்தேன்.

யாரும் என்னைத் தள்ளவில்லை. கால்களை நானே விட்டேன். முகத்தைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்து, உதட்டின் கிழிசலை நாக்கால் நெம்பினேன். வாய்க்குள் உப்புக் கரித்தது. நடுவர் எனக்குப் பின்னால் நின்றவர், கால் பட்டதை அவர் பார்த்திருக்க முடியாது. என்னைப் புரட்டினார், நான் கையை எடுத்தேன், உள்ளங்கையில் இரத்தம். கொடி தூக்கியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இரத்தத்தைப் பார்த்த பிறகு யார் என்ன சொல்வது? அவளை வெளியேற்றினார்கள். இடம் எனக்கு வந்தது.

அவள் சண்டையிலிருந்து விலக்கப்பட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. ஓடிவந்து பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"அக்கா, வலிச்சுதாக்கா?"

அவள் முகம் எனக்கு இவ்வளவு கிட்ட இருந்தது. இல்லையடி என்று அவள் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது, இடமும் என்னை விட்டுப் போயிருக்காது.

"ம்" என்றேன்.

"நல்லாவா?"

"நல்லா வலிச்சுது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் இடது காலைப் பார்த்தாள். "நான் நிறுத்திட்டேன்னு நெனச்சேன்க்கா" என்றாள். "சத்தியமா நிறுத்திட்டேன்னுதான் நெனச்சேன்."

இரத்தினபுரியில் எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. வேலைக்கான நேர்முகத்தில் அந்தச் சான்றிதழும் என் கோப்பில் இருந்தது. இன்றைக்கு நான் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு நாலைந்து சனிக்கிழமைதான் வந்தாள். கைக்குத்து எல்லாம் செய்வாள், காலை எடுக்கமாட்டாள். சேர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். "வேணாம் சேர். இது எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியல" என்றாள். பிறகு ஒருநாள் என் பழைய உடுப்பைத் தோய்த்து, இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்து, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். "என்னாலதானே ஒங்களுக்கு அன்னைக்கு அப்படி ஆயிருச்சு, மன்னிச்சுக்குங்கக்கா" என்றாள். அம்மா அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். நான் அறைக்குள்ளேயே இருந்துகொண்டேன்.

போன மாதம் தெஹியோவிட்ட பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்டேன். எம்பிலிப்பிட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அம்மாவைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்புகிறாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை, ஒரு கையில் பை. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. என்னைக் கண்டதும் அதே சிரிப்பு.

"அக்கா! டீச்சராயிட்டீங்களாமே. எனக்கு அப்பவே தெரியும்."

"நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்க்கா. வீட்டுக்காரரு நல்லவரு."

"கால்...?" என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

சிரித்தாள். "அதெல்லாம் விட்டாச்சே. இப்பவும் பயம்தாங்க்கா. புள்ளய பக்கத்துல போட்டுப் படுத்தா, இந்தக் கால செவத்துப் பக்கம் போட்டுத்தான் படுப்பேன். தூக்கத்துல எங்கயாச்சும் பட்டுருச்சுன்னா? எம் புள்ள சின்னது, வலிச்சா சொல்லக்கூடத் தெரியாதுல்ல."

எம்பிலிப்பிட்டி பஸ் வந்தது. நெரிசல். வழியில் பெரிய குழி, நிறையச் சேற்றுத் தண்ணீர். குழந்தையை அணைத்துக்கொண்டு, வலது காலின் முன்பாதத்தில் அப்படியே திரும்பி, அந்தக் குழியைத் தாண்டி இடது காலைப் பஸ் படியில் வைத்தாள். பாரம் இருந்தது, பிள்ளை இருந்தது, இத்தனை வருஷமும் போயிருந்தது. இருந்தும் அந்தத் திருப்பம் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் விடாமல் பழகியும் எனக்கு வராத திருப்பம். எனக்கு அன்றைக்குப் போலவே வயிறு எரிந்தது.

அவளுடைய நம்பரை அன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். "நீ நிறுத்தினாய், எனக்கு வலிக்கவே இல்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் சொன்னால் அவள் நம்புவாள், யார் சொன்னாலும் நம்புகிறவள். ஒரு மாதமாக எழுதவில்லை. வெட்கம்தான் தடுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. எழுதினால் மறுபடியும் உதைக்கத் தொடங்கிவிடுவாள்.